ஈவுத்தொகையை நம்பிக் குடும்பம் நடத்தலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் சிறுவர் சிறுமியரின் ஆடலும் நிறைந்த இவ்விழாவின் நடுவே வரவு செலவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் காலனியில் ஒவ்வோர் ஆண்டும் சிலர் பணியிலிருந்து ஓய்வு பெறுகின்றனர். அந்நாளில் நேர்வது யாது? சம்பளம் நிற்கிறது, அத்துடன் இத்தனை ஆண்டுகள் குடியிருந்த குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியிருக்கிறது. வரவு நிற்கும் வேளையிலேயே வாடகை என்னும் புதிய செலவு பிறக்கிறது. பிராவிடெண்டு நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. முப்பது ஆண்டு உழைப்பின் பயன் முழுவதும் ஒரே தொகையாக வந்து நிற்கும்போது, அதை எங்கே வைப்பது என்னும் கவலை எழுவது இயல்பே.

இக்கவலைக்கு அண்மைக்காலமாக நம்மிடையே அடிக்கடி கேட்கும் மறுமொழி ஒன்று உண்டு. "பல தொழில் நடத்தும் பெரிய கம்பெனியின் பங்குகளை வாங்கிவிடுங்கள், ஆண்டுதோறும் டிவிடெண்டு தவறாமல் வரும், அதைக் கொண்டே காலம் தள்ளலாம்" என்பதே அது. இம்மொழி முழுவதும் பொய்யன்று, முழுவதும் மெய்யுமன்று. எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதை ஆராய்வதே இச்சிறு பேச்சின் நோக்கம். இன்ன பங்கை வாங்குக, இன்னதை விற்க என்று கூற நாம் வரவில்லை. ஒரு பங்கின் ஈவுத்தொகை எத்துணை நம்பத்தக்கது என்பதை அளந்து பார்க்கும் முறையையே கூற விழைகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறியன்றோ?

முதலில் ஈவுத்தொகை என்பது யாது எனத் தெளிவோம். நிலம் வைத்திருந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்குக் குத்தகையும் வாரமும் தெரியும். குத்தகைக்கு விட்டவர்க்கு விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவு நெல் வந்து சேர வேண்டும். வாரத்திற்கு விட்டவர்க்கோ விளைச்சலில்தான் பங்கு. களம் நிறைந்தால் நிறைவு, களம் வறண்டால் வறட்சி. வங்கியிலும் அஞ்சலகத்திலும் கிடைக்கும் வட்டி குத்தகையைப் போன்றது. பங்குக்குக் கிடைக்கும் ஈவு வாரத்தைப் போன்றது. அதனினும் ஒரு படி தாழ்ந்தது என்றே கூறலாம். வாரதாரர் களத்து மேட்டில் நின்று தம் பங்கைக் கேட்டுப் பெறலாம். பங்குதாரரோ இயக்குநர்கள் பரிந்துரைப்பதற்கு மேல் ஒரு காசும் கேட்க இயலாது. ஆண்டுப் பொதுக்கூட்டம் அப்பரிந்துரையை ஏற்கலாம், குறைக்கவும் செய்யலாம், கூட்டுதல் கூடாது. அறிவித்த பிறகுதான் ஈவு கம்பெனியின் கடனாகிறது. நம் நாட்டுச் சட்டப்படி 30 நாட்களுக்குள் அதைச் செலுத்தியாக வேண்டும். அறிவிக்கும் வரையில் அது வெறும் எதிர்பார்ப்பே.

இனி, ஒரு மெய்யான கம்பெனியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நம் நாட்டுக் கம்பெனி ஒன்றை எடுத்தால், அதன் பங்கை வைத்திருப்போர் இக்கூட்டத்திலேயே இருப்பர்; விருப்பும் வெறுப்பும் குறுக்கே வரும். ஆதலால் தொலைவில், ஆஸ்திரேலியாவில் உள்ள வெஸ்பார்மர்ஸ் என்னும் கம்பெனியைத் தேர்ந்துகொண்டோம். பல்தொழில் நடத்தும் பெரிய சில்லறை வாணிபக் கம்பெனிக்கு அதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. நல்ல காலம், கெட்ட காலம் இரண்டையும் அது கண்டிருக்கிறது. அதன் கணக்குகளோ எவரும் படிக்கக்கூடியவை.

1914-ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் உழவர்கள் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கமாகப் பெர்த் நகரில் அது பிறந்தது. 1984-ஆம் ஆண்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. உரம், இரசாயனம், நிலக்கரி, காப்பீடு என்று பல துறைகளில் ஈடுபட்டது. வீடு கட்டவும் பழுது பார்க்கவும் வேண்டிய மரமும் இரும்புச் சாமானும் வண்ணப் பூச்சும் விற்கும் பன்னிங்ஸ் கடைகள் அதன் கைக்கு வந்தன. 2007-ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ 2,000 கோடி ஆஸ்திரேலிய டாலர் விலையில் கோல்ஸ் என்னும் பெருங்குழுமத்தை வாங்கியது. மளிகைப் பேரங்காடிகளும், கே-மார்ட், டார்கெட் என்னும் பலசரக்குக் கடைகளும், ஆபீஸ்வொர்க்ஸ் என்னும் எழுதுபொருள் கடைகளும் அதனுடன் சேர்ந்து வந்தன. இதைக் கண்டவர்கள், "இத்தனை கால்கள் உள்ள நாற்காலி எப்படிச் சாயும்?" என்று எண்ணியிருப்பர்.

நடந்தது யாது? 2007 ஜூனில் முடிந்த ஆண்டுக்குப் பங்கொன்றுக்கு 2 டாலர் 25 சென்ட் ஈவு வழங்கிய கம்பெனி, 2008-இல் 2 டாலர் வழங்கியது. 2009-இல் 1 டாலர் 10 சென்ட்தான் வழங்கியது. இரண்டே ஆண்டுகளில் ஈவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. லாபமும் அவ்வாறே இறங்கியதோ என்றால், அதுதான் இல்லை. 2007-இல் 78.6 கோடி டாலராக இருந்த நிகர லாபம் 2009-இல் 152 கோடி டாலராயிற்று. லாபம் ஏறத்தாழ இரட்டித்தது, ஈவோ பாதியாயிற்று. இப்புதிரை விடுவிப்பவர் ஈவுத்தொகையின் இயல்பைப் பெரும்பாலும் அறிந்தவராவர்.

கோல்ஸை வாங்குவதற்குக் கம்பெனி பெருங்கடன் பட்டது. புதிய பங்குகளையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்து சேர்ந்தது. கடன் கொடுப்போர் கையை இறுக்கிக்கொண்டனர். 2009 ஜனவரியில் கம்பெனி மீண்டும் பங்குதாரர்களையும் பெருமுதலீட்டாளர்களையும் நாடி, பங்கொன்றுக்கு 13 டாலர் 50 சென்ட் என்னும் விலையில் சுமார் 460 கோடி டாலர் திரட்டியது. 2007-இல் 40 டாலருக்கு மேல் விற்ற பங்கு அது. இவ்வாறு வெளியிட்டதன் பயனாகப் பங்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மும்மடங்காயிற்று. பந்தியில் சோறு இரட்டித்தது, இலைகளோ மும்மடங்காயின. ஒவ்வோர் இலைக்கும் விழும் சோறு குறையாமல் என்ன செய்யும்? மேலும், 2007-இல் பங்கொன்றுக்குக் கிட்டிய லாபத்தைக் காட்டிலும் சற்று மிகுதியாகவே ஈவு வழங்கியிருந்தனர். கையில் தாங்குபொருள் இல்லாத வேளையில் நெருக்கடி வந்தது.

இனி அந்த ஈவு எப்பொழுது பழைய நிலைக்கு மீண்டது? 2010-இல் 1 டாலர் 25 சென்ட், 2011-இல் 1 டாலர் 50, 2012-இல் 1 டாலர் 65, 2013-இல் 1 டாலர் 80 என்று படிப்படியாக ஏறி, 2017-இல் 2 டாலர் 23 சென்டை எட்டியது. அதாவது, பத்து ஆண்டுகள் கழித்தும் பழைய அளவுக்கு இரண்டு சென்ட் குறைவாகவே நின்றது. ஆயிரம் பங்கு வைத்திருந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 2007-இல் ஆண்டுக்கு 2,250 டாலர் வந்தது. 2009-இல் 1,100 டாலர் வந்தது. பத்தாண்டு சென்றபின் 2,230 டாலர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அரிசியின் விலை அங்கும் ஏறாமலா இருந்திருக்கும்? 58 வயதில் ஓய்வு பெற்றவர்க்கு அப்பத்தாண்டு, நடமாடும் வலிமை உள்ள காலத்தின் பெரும்பகுதியன்றோ?

கம்பெனியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது நலிந்துவிடவில்லை, ஓராண்டேனும் ஈவை நிறுத்தவுமில்லை. நல்ல கம்பெனி என்று பெயரெடுத்த ஒன்றுக்கே இந்நிலை நேர்ந்தது என்பதுதான் நாம் கருத வேண்டியது. தவறாமல் வருவது வேறு. குறையாமல் வருவது வேறு. "டிவிடெண்டு தவறாது" என்று நமக்குக் கூறுவோர் முதலாவதை மனத்தில் கொண்டு கூறுகின்றனர். நாமோ இரண்டாவதைக் கேட்டதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

இக்கம்பெனியின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கு இன்னொரு பாடம். டார்கெட் கடைகளின் மதிப்பையும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் மதிப்பையும் ஏட்டில் பெரிதும் குறைத்து எழுதினர். முந்திய ஆண்டில் 244 கோடி டாலராக இருந்த நிகர லாபம் 40.7 கோடி டாலராகச் சுருங்கியது. லாபத்தை மட்டும் பார்த்தவர் ஈவும் ஆறிலொன்றாகும் என்று அஞ்சியிருப்பர். ஆனால் ஈவு 2 டாலரிலிருந்து 1 டாலர் 86 சென்டுக்குத்தான் இறங்கியது. மொத்தத்தில் 200 கோடி டாலருக்கு மேல் பங்குதாரர்களுக்குப் போயிற்று. எவ்வாறு இயன்றது? மதிப்பு குறைந்தது ஏட்டில். கல்லாப் பெட்டிக்கு வந்த ரொக்கம் அவ்வாறு குறையவில்லை. தொழிலிலிருந்து அவ்வாண்டு வந்த ரொக்கம் 300 கோடி டாலருக்கு மேல். ஊரில் உள்ள நம் வீட்டின் விலை இறங்கிவிட்டது என்று ஒருவர் கூறினால், அதனால் இம்மாத வாடகை நின்றுவிடுவதில்லை அல்லவா? அது போன்றதே இது.

ஆகவே, ஈவு லாபத்திலிருந்து வருகிறது என்று சட்டம் கூறினாலும், ரொக்கத்திலிருந்துதான் வழங்கப்படுகிறது என்பதை மறக்கலாகாது. லாபம் இருந்து ரொக்கம் இல்லாத கம்பெனி கடன் வாங்கித்தான் ஈவு வழங்க நேரும். கடன் வாங்கி விருந்திடும் வீடு எத்தனை நாள் விருந்திடும்?

எனினும் ஏட்டளவு நட்டம்தானே என்று அலட்சியம் செய்வதும் தகாது. இன்று குறைத்து எழுதப்படும் ஒவ்வொரு காசும் முன்னொரு நாள் கம்பெனியின் கையைவிட்டுப் போன காசேயாகும். இதே வெஸ்பார்மர்ஸ் 2016-இல் இங்கிலாந்தின் ஹோம்பேஸ் என்னும் கடைத்தொகுதியை 34 கோடி பவுனுக்கு வாங்கியது. பன்னிங்ஸ் தன் நாட்டில் பெற்ற வெற்றியை அங்கும் பெறலாம் என்பது அவர்கள் எண்ணம். இரண்டே ஆண்டுகளில், 2018-இல், அதை ஒரே ஒரு பவுனுக்கு விற்றுவிட்டு வெளியேறினர். ஒரு பவுன் என்பது நாம் பேச்சுக்காகக் கூறுவதன்று. விற்ற விலையே அதுதான். அவ்வாண்டும் ஈவு 2 டாலர் 23 சென்டாகவே நின்றது. பிற தொழில்கள் தாங்கிக்கொண்டன. பல்தொழிலின் பயன் இங்கே விளங்குகிறது. ஒரு கால் ஒடிந்தபோது மற்றக் கால்கள் நாற்காலியைத் தாங்கின. 2007-இல் நடந்ததோ வேறு. அன்று நாற்காலியின் மீது ஏற்றிய சுமையே மிகுதியாகிவிட்டது. கடன் சுமை மிகுந்தால் எத்தனை கால் இருந்தென்ன?

பல்தொழில் என்னும் சொல்லைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். 2024-ஆம் ஆண்டில் இக்கம்பெனி பன்னிங்ஸ், கே-மார்ட், ஆபீஸ்வொர்க்ஸ், மருந்துக்கடைகள், இரசாயனம், உரம் எனப் பல தொழில்களை நடத்திற்று. ஆயினும் அதன் லாபத்தில் பாதிக்கு மேல் பன்னிங்ஸ் ஒன்றிலிருந்தே வந்தது. கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேர் இருக்கலாம். சம்பாதிப்பவர் ஒருவரானால், அவர் உடல்நலம்தான் குடும்பத்தின் உடல்நலம். ஆதலால் "எத்தனை தொழில் நடத்துகிறது?" என்று கேட்பதைவிட, "எந்தத் தொழில் ஈவைச் சுமக்கிறது?" என்று கேட்பதே அறிவுடைமை.

2018 நவம்பரில் கோல்ஸ் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. பங்குதாரர்களுக்கு வெஸ்பார்மர்ஸ் பங்கு ஒன்றுக்குக் கோல்ஸ் பங்கு ஒன்று கிடைத்தது. அடுத்த ஆண்டில் வழக்கமான ஈவு 1 டாலர் 78 சென்டாக இறங்கியதைக் கண்டு, குறைந்துவிட்டதே என்று வருந்துவது தவறு. பாகப் பிரிவினைக்குப் பின் மூத்தவன் வீட்டுக் குதிரில் நெல் குறைந்தது என்றால், இளையவன் வீட்டுக் குதிரையும் சேர்த்தன்றோ பார்க்க வேண்டும்? அதே ஆண்டில் சிறப்பு ஈவாக 1 டாலரும் தனியே வழங்கினர். அதைச் சேர்த்து 2 டாலர் 78 சென்ட் என்று களிப்பதும் தவறே. சிறப்பு ஈவு தீபாவளி போனஸைப் போன்றது; போனஸை மாதச் சம்பளத்தில் சேர்த்து எண்ணி வாடகை வீடு பிடிப்பவர் மறு ஆண்டில் இடர்ப்படுவர். கொள்ளை நோய் பரவிய 2020-இல் வழக்கமான ஈவு 1 டாலர் 52 சென்ட். பின்னர் 2021-இல் 1 டாலர் 78, 2023-இல் 1 டாலர் 91, 2024-இல் 1 டாலர் 98, 2025-இல் 2 டாலர் 6 சென்ட் என்று ஏறியது.

2024-ஆம் ஆண்டில் அக்கம்பெனியின் நிகர லாபம் சுமார் 256 கோடி டாலர். அதில் சுமார் 225 கோடியை ஈவாக வழங்கிற்று. நூற்றுக்கு 88 பங்கு! இவ்வளவையும் வாரி வழங்குவது ஏன் என்ற கேள்வி எழும். அந்நாட்டு வரிமுறை அதற்கு ஒரு காரணம். கம்பெனி செலுத்திய வருமான வரியைப் பங்குதாரர் தம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள 1987 முதல் அங்கே வழி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே, லாபத்தைக் கம்பெனியில் தேக்கி வைப்பதைக் காட்டிலும் வழங்கிவிடுவதையே பங்குதாரர் விரும்புகின்றனர். நம் நாட்டிலோ 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை, பெறுபவரின் ஏனைய வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படுகிறது. அங்குள்ள விகிதத்தை இங்கே எதிர்பார்ப்பது, அவ்வூர் மழையை நம்பி இவ்வூரில் விதைப்பதாகும்.

நம் நாட்டுக்கு வருவோம். ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் கம்பெனியை அறியாதார் இலர். தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984-இல் தொடங்கியது அது. கைக்கடிகாரத்தில் தொடங்கி, தனிஷ்க் நகைக் கடைகள், மூக்குக் கண்ணாடி, சேலை எனப் பரந்து, பல்பொருள் சில்லறை வாணிபமாக வளர்ந்துள்ளது. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்குப் பங்கொன்றுக்கு 11 ரூபாய் ஈவு வழங்கிற்று. இது லாபத்தில் நூற்றுக்கு 28 அளவே. ஆகவே, ஓராண்டு லாபம் சரிந்தாலும் ஈவு வழங்கத் தடையிராது, தாங்குபொருள் ஏராளம். அவ்வகையில் நம்பத்தக்கதே. ஆனால் அப்போது பங்கின் விலை 3,800 ரூபாய் அளவில் இருந்தது. ஒரு லட்சம் ரூபாய்க்கு 26 பங்கு வாங்கலாம். ஆண்டுக்கு 286 ரூபாய் ஈவு வரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரப் பாலுக்குக்கூட அது போதாது. டி-மார்ட் கடைகளை நடத்தும் கம்பெனியோ 2017-இல் சந்தைக்கு வந்தது முதல் 2024 வரை ஈவே வழங்கவில்லை. கிடைத்த லாபத்தைப் புதிய கடைகள் அமைப்பதில் இட்டது. அது குற்றமன்று, வளரும் பயிருக்கு நீர் பாய்ச்சுவது போன்றது. ஆயினும் அறுவடையை இன்றே எதிர்பார்ப்பவர் அவ்வயலுக்குப் போகலாகாது. உறுதியான ஈவு வேறு, போதுமான ஈவு வேறு என்பதும் இதனால் பெறப்படும்.

"நெடுங்காலம் தவறாது வழங்கிய கம்பெனியானால் நம்பலாமன்றோ?" என்று வினவுவோர் உளர். அமெரிக்காவின் வால்கிரீன்ஸ் மருந்துக் கடைகளின் வரலாறு அவர்களுக்கு மறுமொழி. 1933 முதல் 90 ஆண்டுகளுக்கு மேலாகத் தவறாமல் ஈவு வழங்கியது அது. அதிலும் 47 ஆண்டுகள் தொடர்ந்து ஈவை உயர்த்திக்கொண்டே வந்தது. தாத்தா வாங்கிய பங்கின் ஈவைப் பேரன் வாங்கியிருப்பான். 2024 ஜனவரியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழங்கிவந்த 48 சென்டை 25 சென்டாகக் குறைத்தனர். 2025 ஜனவரியில் அதையும் நிறுத்திவிட்டனர். கடைகளின் வாணிபம் நலிந்தது, கடன் மிகுந்தது, மருத்துவ நிலையங்களில் இட்ட முதல் வீணாயிற்று, வழக்குகளின் செலவும் சேர்ந்தது. 90 ஆண்டுப் பழமை அந்த ஈவுக்கு அரண் ஆகவில்லை. பழமை நல்லொழுக்கத்திற்குச் சான்றாகலாம். நாளைய ரொக்கத்திற்குச் சான்றாகாது.

இதுகாறும் கண்டவற்றிலிருந்து நாம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தொகுத்துக் கூறுவோம். முதலாவது, கம்பெனியின் எந்தத் தொழில் ஈவைச் சுமக்கிறது? இரண்டாவது, தொழிலிலிருந்து வரும் ரொக்கத்தில், கடைகளைப் பேணும் செலவு போக மிஞ்சுவது ஈவுக்குப் போதுமா? மூன்றாவது, கடன் எவ்வளவு? சில்லறை வாணிபத்தில் கடையின் வாடகையையும் கடனைப் போலவே கருதவேண்டும். விற்பனை குறைந்தாலும் வாடகை குறைவதில்லை. நான்காவது, லாபத்தில் எத்தனை பங்கை வழங்குகிறது, கெட்ட ஆண்டில் எப்படி நடந்துகொண்டது? ஐந்தாவது, வந்தது வழக்கமான ஈவா, சிறப்பு ஈவா? இவற்றுக்கு விடை ஆண்டறிக்கையிலேயே உண்டு. ஐந்தொகைக்குப் பின் வரும் ரொக்க ஓட்டக் கணக்கைப் பெரும்பாலோர் புரட்டுவதே இல்லை. நாம் முதலில் பார்க்க வேண்டியது அதுவே. மேலும், ஈவு வழங்குவது பற்றிய தம் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று 2016-இல் 500 பெரிய கம்பெனிகளுக்கும், 2021-இல் 1,000 கம்பெனிகளுக்கும் செபி கட்டளையிட்டது. அக்கொள்கையை வாங்கிப் படிப்பதற்குச் செலவு ஏதுமில்லை. காலனிப் பிள்ளைகளில் வணிகவியல் படிப்போர் பலர்; பெரியோர் அவர்களை அருகே இருத்திக் கணக்கைப் படித்துக் காட்டச் சொல்லலாம். படிப்புக்கும் பயன், வீட்டுக்கும் பயன்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சோதனை உண்டு. அதைப் பாதிச் சோதனை என்று அழைப்போம். ஈவு நாளையே பாதியாகி, பத்தாண்டுகள் அவ்வாறே நீடித்தால், வாடகையும் அரிசியும் மருந்தும் தடையின்றி நடக்குமா? நடக்கும் என்றால் அப்பங்கை வைத்திருப்பதில் அச்சமில்லை. நடக்காது என்றால், கம்பெனி எவ்வளவு பெரியதாயினும் அதில் அளவுக்கு மீறி இட்டிருக்கிறோம் என்பதே பொருள். ஆஸ்திரேலியக் கம்பெனியின் வரலாறு கற்பனையன்று. நல்ல கம்பெனிக்கே நேர்ந்தது.

எனவே, இன்றியமையாச் செலவுகளுக்குக் குத்தகை போன்ற வரவையே முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும். ஓய்வூதியம் உள்ளவர்க்கு அதுவே அடித்தளம். இல்லாதவர்க்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு. 2023 ஏப்ரலில் அதன் உச்ச வரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கி வைப்புகளும் உண்டு. விலைவாசி ஏறும்போது அவை ஏறுவதில்லை என்னும் குறையை நாம் மறுக்கவில்லை. அக்குறையை ஈடு செய்யத்தான் பங்குகள் வேண்டும். ஆனால் அவை உச்சிக் கிளையாக இருக்கட்டும், வேராக வேண்டா. ஈவு வந்தால் ஊருக்கு ஒருமுறை போய் வரலாம். பேத்திக்கு ஒரு பட்டுப் பாவாடை வாங்கலாம். நம் சங்கத்தின் தமிழ்ப் பள்ளிக்கும் ஏதேனும் தரலாம். வராத ஆண்டில் இவற்றை ஒத்திப்போடலாம். அடுப்பை ஒத்திப்போட இயலாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பங்குகள் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கின்றன. எவ்வெக் கம்பெனி, எத்தனை பங்கு, எந்த வங்கிக் கணக்கில் ஈவு சேர்கிறது என்பதை மனைவியர் பலர் அறியார். மாற்றல் உத்தரவு வரும்தோறும் நம் முகவரி மாறுகிறது. கம்பெனியின் ஏட்டிலோ பழைய முகவரியே நிற்கிறது. ஏழாண்டுகள் தொடர்ந்து பெறப்படாத ஈவு, அதற்குரிய பங்குகளோடு, அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகிறது. மீட்பதற்கு வழி உண்டு. எனினும் அலைச்சல் மிகுதி. பெட்டியில் பழைய காகிதப் பங்குச் சான்றுகள் இருப்பின் அவற்றையும் இன்றே எடுத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் அவற்றைக் காகிதமாகவே பிறர்க்கு மாற்ற இயலாது. வாரிசாக நியமிப்பவர் பெயரைப் பதியுங்கள். இரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, வீட்டில் இருவர் அறிந்த இடத்தில் வையுங்கள். ஈவின் நம்பகத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம்; வந்த ஈவை வாங்கத் தெரியாமல் இழப்பது அதனினும் கொடிதன்றோ?

அன்பர்களே, பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நமக்குப் பின்னே நிலமும் இல்லை, நெற்குதிரும் இல்லை. சேமித்த காசே நமக்கு நிலம். அந்நிலத்தைக் குத்தகைக்கு எவ்வளவு, வாரத்திற்கு எவ்வளவு என்று பகுத்து விடுவது நம் கையில்தான் இருக்கிறது. கம்பெனிகள் வளர்க; அவை தரும் ஈவு பெருகுக. பெருகிய ஆண்டில் மகிழவும், சுருங்கிய ஆண்டில் கலங்காதிருக்கவும் வல்ல குடும்பங்களாக நம் காலனியின் குடும்பங்கள் திகழ்க என்று வாழ்த்தி அமைகிறோம்.